தெற்கு வாசல்

வண்டி மறுபடியும் பின்னால் வந்தது. டிரைவர் வீரணன் தலையை வெளியே நீட்டி, மதிலையும் சாக்கடையையும் மாறி மாறிப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்தார். அப்படியும் சந்தில் திரும்பவில்லை. மூன்றாம் முறை ஒடித்த பிறகுதான் தீயணைப்பு வண்டி புது நிலையத்தைவிட்டு வெளியேறியது. நாளைக்குத் திறப்புவிழா, இன்றைக்கு ஒத்திகை. பெனிட்டா ஒவ்வொரு ஒடிப்பையும் எண்ணிக்கொண்டு நின்றாள்.

அவள் வரைந்த கட்டடம் இது. மலையில் புகை கிளம்பினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தெரிய மேற்கே பெரிய சன்னல். மழைத்தண்ணீரைச் சேர்த்து வண்டிக்கு நிரப்பத் தரைக்கடியில் தொட்டி. கரண்ட் போனாலும் வயர்லெஸ் ஓயாமலிருக்க மாடியில் சோலார். எல்லாவற்றுக்கும் மேலாக, மணியடித்ததும் வண்டிகள் ஒரே மூச்சில் கம்பம் ரோட்டில் ஏறுவதற்குத் தெற்கே அகலமான வாசல். மற்றதெல்லாம் தப்பித்தது, வாசல் மாட்டிக்கொண்டது. தெற்கு எமன் திசை, திறந்துவைக்கிறவருக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எமனோடு மல்லுக்கட்டப் போகிறவர்களின் வழியை எமனுக்குப் பயந்து அடைத்துவிட்டு, வடக்கே சந்துக்குள் வாசலைத் திருப்பினார்கள். அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. அடைத்த இடத்தில், ரோட்டைப் பார்க்கக் கருப்புக் கிரானைட்டில் கல்வெட்டு பதித்தாயிற்று. அதில் கடைசி வரி, ‘வடிவமைப்பு: பொறியாளர் பீ. பெனிட்டா’.

“எம்பேர எடுத்துருங்க,” என்றாள் காண்ட்ராக்டர் கர்ணனிடம்.

கர்ணன் சிரித்தார். “இந்தக் கல்லுல ஏறுறதுக்கு எத்தன பேரு அலையா அலைஞ்சாக, தெரியுமா மேடம்? வண்டிய ரெண்டு ஒடி கூட ஒடிச்சா வந்துட்டுப் போகுது.”

“அதுவரைக்கும் தீ நின்னுக்கிட்டு இருக்குமா?”

“மேலயிருந்து சொன்னாக, செஞ்சோம்.” அவருக்கும் சலித்துவிட்டது. கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். “அண்ணே, கடைசி வரிய மட்டும் தேச்சு விட்ருங்க.”

அவர் கிரைண்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவள் அப்பா பீட்டர்ராஜும் அம்மா மதலேனாளும் இறங்கினார்கள். நாளைக்குக் கூட்டத்தில் கிட்டே விடமாட்டார்கள் என்று இன்றைக்கே புறப்பட்டு வந்திருந்தார்கள். அப்பா பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டியில் இருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கல்லின் பக்கம் போனார். துண்டால் துடைத்தார். மகள் பெயரின் மேல் கைவைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“நம்ம வீடு எரிஞ்சன்னைக்கு வண்டி வந்து சேரயில சாம்பல்தான் கெடந்துச்சு, நெனவிருக்காத்தா? இனிமே யாரு வீட்டுக்கும் அப்படி ஆகாது. எம்மக கட்டின எடமுல்ல இது.”

பெனிட்டா கல்லின் கடைசி வரியைப் பார்த்தாள். வாசலை அடைத்ததைச் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார். சொல்லாமல் விட்டால் இந்தப் பொய் அவள் பெயரோடு இங்கேயே நிற்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சைரன் கேட்டது. ஒத்திகை முடிந்து வண்டி சந்துக்குள் வந்திருந்தது.

“என்னத்தா, சத்தம் ஒரே எடத்துலயே கேக்குது?” என்றாள் அம்மா.

“வண்டி திரும்புதும்மா.”

கல் வெட்டுகிறவர் கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் உள்ளங்கை இன்னும் அவள் பெயரின் மேல்தான் இருந்தது.