உனக்கு மட்டும் தந்த சொல்

பள்ளி வேன் ஓட்டும் டிரைவர் ஆப்பரேஷன் அறை வாசல்வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டார். குடலிறக்கம். இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய விபத்தில் முதுகெலும்பு அடிபட்டிருந்ததால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கவும் வழியில்லை, முழு மயக்கம்தான். மயக்கம் என்றாலே மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறந்தாரா? ஊஹூம்.

மூன்றாம் தடவை, மயக்கம் தெளியும் அறையில் வேலை பார்க்கும் நர்ஸை அவரிடம் பேசச் சொன்னார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், தெளியும்போது ஆட்கள் உளறுவார்களாமே, நிஜமா என்று மெல்லக் கேட்டார்.

உளறாமல் என்ன! மாமியாரை நார்நாராகக் கிழித்தவர்கள் உண்டு. ஒரு வங்கி மேனேஜர் பக்கத்துக் கட்டில்காரரிடம், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். இதையெல்லாம் சொன்னால் டிரைவர் ஓட்டமே பிடிப்பார். ஆனால் பொய் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. சிலபேர் உளறுவார்கள் என்றாள்.

அவர் அதற்குப் பிறகுதான் மனதைத் திறந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்த விபத்தில் வேனில் இருந்த ஒரு குழந்தைக்குக் கால் ஒடிந்தது. தப்பு அவருடையது இல்லை. இருந்தும் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். ஒரு தியானக் குழுவில் சேர்ந்தார். மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு சொல் கொடுத்தார்கள், நடுக்கம் நின்றது. கொடுக்கும் முன் நெஞ்சில் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினார்களாம்.

"உலகத்துலேயே உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சொல்னாங்க. வாய் தவறி வெளியே வந்தா, நமக்கு ரொம்ப வேண்டியவங்களுக்கு ஆகாதாம்."

நர்ஸுக்கு இந்த வார்த்தைகள் புதிதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே குழுவில் இதே மாதிரி நெஞ்சில் கை வைத்தவள்தான். குழுவை விட்டு வந்து ஏழு வருஷம் ஆயிற்று, பயம் மட்டும் விட்டுப் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அன்றைக்குக் கழற்றிய திருகாணி வரைக்கும் வந்து ஒப்பிக்கிற மனுஷன். அவரிடம்கூடச் சொல்லைச் சொல்லவில்லை. மிரட்டலையும் வெளியே சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கட்டளை என்பதால் காரணமும் சொல்ல முடியவில்லை. எந்தச் சண்டை வந்தாலும், "என்னை நம்பலை, அவ்வளவுதானே?" என்றுதான் அவர் முடிப்பார். அந்த ஒரு கேள்வி அவர்கள் நடுவில் முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது.

"தெளியும்போது நான் மட்டும்தான் பக்கத்துல இருப்பேன்," என்றாள் டிரைவரிடம். "காதுல எது விழுந்தாலும் என்னோட போயிடும். என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். இது என் வாக்கு."

அவர் சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலருகே நின்றாள். முதலில் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். பிறகு, எல்லாரும் உட்காருங்க பசங்களா என்று அதட்டினார். அப்புறம் அந்தச் சொல்லைத் தெளிவாக இரண்டு தடவை சொன்னார்.

அது அவளுடைய சொல். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பின்னாலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அட பாவிகளா, எத்தனை பேரிடம் 'உனக்கு மட்டும்' என்று சொல்லியிருப்பீர்கள்! இதற்காகவா வீட்டில் அந்த நல்ல மனுஷனை இத்தனை வருஷம் நோகடித்தேன் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

டிரைவருக்கு நன்றாக நினைவு வந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட்டேனா?" என்றார். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். ஆனால் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. உடம்பு தேறியதும் இருபது குழந்தைகள் அந்தக் கையை நம்பித்தான் வேனில் ஏறப்போகின்றன.

"பெண்டாட்டியைக் கூப்பிட்டீங்க. பசங்களை அதட்டினீங்க. நிம்மதியாத் தூங்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினாள். முதல் வேலையாகச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அது டிரைவருடைய சொல்லும் ஆயிற்றே. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன் என்று காலையில் அவளேதானே வாய் நிறைய வாக்குக் கொடுத்தாள்! யாரும் மிரட்டி வாங்காத வாக்கு அது. அதை மீற அவளுக்கு மனசு வரவில்லை.

"அந்தச் சொல்லை இனிமேலும் உங்ககிட்டச் சொல்ல முடியாது," என்றாள். "இன்னொருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு சொல்லலாம். வெளியே சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயமுறுத்தியிருந்தாங்க."

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"பதினோரு வருஷமா?"

அவள் தலையாட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தட்டில் சோற்றைப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று அவள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.