பாவாடைக்குள் பதினொரு பேர்

1

"அந்தப் போட்டோவுக்குக் கீழ எங்க சித்தி பேரப் போடுங்க, தலைவரே."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். எங்கள் ரியாஷோ ஊரின் அலியான்சா கால்பந்துக் கழகத்துக்கு நூறு வயது. வரலாறு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, சொன்னதை எழுதுவாள் என்று நினைப்பு. சுலெய்டி சித்திக்கு எழுபது. தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவே.

2

"1926இல் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் சிலர் ஒன்றுகூடி..." கொட்டாவி. அடித்துவிட்டேன்.

வேறு தொடக்கம். 1975, கார்னிவல் திருவிழா ஞாயிறு. அப்போது எங்கள் நாட்டில் பெண்கள் கால்பந்தாடச் சட்டப்படி தடை. ஆண்டுதோறும் அன்று கல்யாணமான ஆண்களுக்கும் ஆகாத ஆண்களுக்கும் ஆட்டம். ஆகாதவர்கள் பாவாடை கட்டி, உதட்டுச்சாயம் பூசி இறங்குவார்கள். அந்த ஆண்டு அவர்கள் குடித்துக் கவிழ்ந்துகிடந்தார்கள். அவர்களுக்குப் பதில் இறங்கியது ஆலைப் பெண்கள்! சவரம் செய்யாத முகம்போல் கன்னமெல்லாம் அடுப்புக்கரி. பெண் வேடம் போட்ட ஆண்களாக வேடம் போட்ட பெண்கள்! (இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து குதித்தேன்.)

சித்தி நடுக்கோட்டிலிருந்து அடித்தாள். பந்து போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது, வலை கிழிந்தது. (கிழியவில்லை. எனக்குக் கிழிய வேண்டும்.)

"யார்றா அந்தப் பய! பாவாடையிலயே இந்த அடின்னா, டவுசர் போட்டா?" என்று கூவியது கூட்டம்.

அன்று எடுத்து, கழகக் கூடத்தில் தொங்கும் படத்துக்குக் கீழே இன்றும் இருப்பது: "மாறுவேடத்தில் நம் வாலிபர்கள்."

3

அன்று கோல் வாங்கிய கோல்கீப்பர் எவிலாசியோ. இன்றைய தலைவர். என் வரைவில் அவரை ஏமாந்தவராக எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரத்தை நம்பி நான்தான் ஏமாந்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மகளே. வேர்வையில கரி வழிஞ்சுதே! பதினொரு பேரையும் போட்டுக்க. ஒரே ஒரு வரி சேத்துக்க. நான் இரக்கப்பட்டு விட்டுக்குடுத்தேன்னு."

"விட்டுக்குடுத்தீங்களா?"

காப்பியை உறிஞ்சினார். "யாருக்குத் தெரியும்?"

"சித்திக்குத் தெரியும். பாஞ்சு விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டீங்களாமே. இரக்கப்பட்டவரு எதுக்குப் பாஞ்சீங்க?"

"வாயப் பாரு! காலேஜுல இதத்தான் படிச்சியா, மகாராணி? அந்த வரி இல்லேன்னா பேரும் இல்ல."

4

முடிவு ஒன்று: எழுதிக்கொடுக்கிறேன். பெயர்கள் அச்சாகின்றன. சித்தி தன் பெயரை விரலால் தடவுகிறாள், அடுத்த வரிக்கு வருகிறாள், அப்புறம்...

முடிவு இரண்டு: மறுக்கிறேன். வாலிபர்கள் சுவரில் வாலிபர்களாகவே தொங்குகிறார்கள். சித்தியிடம் நான் போய்

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

எது சரி என்று நீங்கள் சாவகாசமாக யோசியுங்கள். உங்கள் முன்னால் தலைவர் உட்கார்ந்திருக்கவில்லை. காப்பியை அவர் உறிஞ்சியபோதே நான் தீர்மானித்துவிட்டேன். மேசைமேல் கிடந்த என் தாள்களை, அந்த வரியைச் சேர்க்காமலே அள்ளினேன்.

"ஏய், எங்க போற? உக்காரு, பேசுவோம்!"

"அது கோல், தலைவரே. சுத்தமான கோல்."

அவர் எழுவதற்குள் நான் தெருவில் இறங்கியிருந்தேன்.