கேப்டன் சவுரியப்பன் சுட்டது

1

இந்தக் கதை நானாகத் தேடிப் போனதல்ல. பாப்பாரப்பட்டி கேப்டன் சவுரியப்பன் மிலிட்டரி கேன்டீன் ரம் ஒரு பாட்டிலோடு என் வீட்டுக்கு வந்து, "என் கதைய எழுதுங்க சார். படிக்கறவன் சிரிச்சு வவுறு புண்ணாவணும்" என்றார். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: 'பனி படர்ந்த எல்லையில் துப்பாக்கியை இறுகப் பற்றியபடி சவுரியப்பன்…'

(அடித்துவிட்டேன். மனிதர் எல்லையில் பற்றியது வெங்காய மூட்டையை. சர்வீஸ் முழுக்க ரேஷன் பிரிவு. கேப்டன் என்பதே ஓய்வு பெறும்போது கொடுத்த கௌரவப் பட்டம்.)

இரண்டாவது தொடக்கம் அவரே சொன்னது. பயிற்சியில் அவர் சுட்ட குண்டெல்லாம் பக்கத்து ஆளின் பலகையில் போய்ப் பட்டதாம். பதக்கம் அவனுக்கு. இவருக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.

"எதிரி என் முன்னால தைரியமா நிக்கலாங்க. பக்கத்துல நிக்கறவங்களுக்குத்தான் ஆபத்து."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

3

ஓய்வு பெற்றதும் ஊரை அசத்த ஆசை. மனைவி மாதம்மாளிடம் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, அக்கா மகன் சிவக்குமாருக்கு மட்டும் போன் போட்டார். "பஸ் ஸ்டாண்டுல பெருசா ஒரு பிளக்ஸ் வைடா. அத்தைக்குச் சொல்லாத."

பிளக்ஸ் கடையில் பட்டாளத்துக்காரருக்கென்று ஒரே டிசைன்தான் இருந்தது. பின்னால் கொடி, படத்துக்கு மாலை, இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு. சிவக்குமாருக்கு அது அம்சமாகத் தெரிந்தது.

(இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அது என் தப்பு.)

4

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி போட்டுவிட்டு மாதம்மாள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரி. ஜன்னலோர இடம். ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பியபோது மாலையும் விளக்குமாகப் புருஷன் முகத்தைப் பார்த்து எழுந்தவர்…

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

ரயிலில் கேப்டனின் போன் சார்ஜ் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை ஊருக்கு வந்தார். வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, கூட்டம்.

"எனக்குத்தான் வரவேற்புன்னு நெனச்சு, தொப்பிய சரி பண்ணிக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டே போனேங்க."

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பாட்டிலை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

5

முடிவு ஒன்று: பிளக்ஸைக் காற்று கிழித்துப் போடுகிறது. முடிவு இரண்டு: மாதம்மாள் அந்த பஸ்ஸைத் தவறவிடுகிறார். இரண்டையும் படித்துக் காட்டினேன். கேப்டன் மறுத்துத் தலையாட்டினார்.

"அவ்வளவு பெருசா ஒண்ணும் வேண்டாங்க. பிளக்ஸு இருந்தது வலப்பக்கம். அவள இடப்பக்கம் உக்கார வைங்க, போதும். நீங்க எழுதறவருதானுங்க, இதுகூட முடியாதா?"

அப்போதுதான் அவர் அழுதார்.

உட்கார வைத்தேன். எத்தனை முறை எழுதினாலும் வலப்பக்கத்திலிருந்து ஒருத்தி, "ஏக்கா, அது உங்க வூட்டுக்காரரு படமாட்டம் இருக்குதே" என்று சொல்லிவிடுகிறாள். அவளை எழுப்பி இறக்கிவிட்டேன். வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

6

பஸ் இன்னும் ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை. மாதம்மாள் இடப்பக்கம்தான் இருக்கிறார், காலிக்கூடை மடியில். வலப்பக்க ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

நீங்கள் போய் அங்கே உட்காருங்கள். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.