எரிச்சல் என்றால் எரிச்சல்தானே

என் வலது கையைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் கருமம் அதுதான். தழும்பு இல்லை, கட்டு இல்லை. தோல் கொஞ்சம் பளபளப்பாக, லேசாக நீலம் பாரித்து, பிணத்தின் கை மாதிரிச் சில்லென்று இருக்கும். உள்ளே அடுப்பு எரியும். பார்க்கிறவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். நல்லாயிருக்கிற கையை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக ஏன் இடது கையால் பல் தேய்க்கிறாய் என்று ஒரு ஜென்மமும் கேட்டதில்லை.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்த ஈரத்தோடு இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுடச்சுடச் சுழலும் இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். நிமிடத்துக்கு நான்கு விரிப்பு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று என் மணிக்கட்டைச் சுவரோடு வைத்து நசுக்கியது. எலும்பில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று எலும்பு கூடிவிட்டது என்றார்கள். எலும்பு கூடியது, எரிச்சல் ஆரம்பித்தது. சட்டையின் கை பட்டால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். விரிப்பின் முனையைப் பிடித்து உதறினால் தோள் வரைக்கும் ஒரு குடைச்சல் ஏறும், கண்ணில் பூச்சி பறக்கும்.

உருளைக்கு அந்தப் பக்கம் நிற்கிற நம் தமிழ் ஆட்கள் எனக்குச் 'சிடுமூஞ்சி' என்று பேர் வைத்தார்கள். வைக்கட்டும். வலியோடு எட்டு மணி நேரம் நின்றுவிட்டு இளித்துக்கொண்டா இருக்க முடியும்?

சூப்பர்வைசரும் நம் ஆள்தான். ஆனால் நம் ஆள் என்றால் இன்னும் நாலு மிதி கூடவே மிதிக்கலாம் என்று நினைக்கிற ரகம். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டான்.

"இங்க பாரும்மா, நீயும் டாக்டர்கிட்ட போறே, வர்றே. ஒரு காகிதம் வருதா? வெள்ளிக்கிழமைக்குள்ள, இந்தக் கையால உருளைகிட்ட நிக்க முடியாதுன்னு எழுதி வாங்கிட்டு வா. கறை பாக்குற மேஜைக்கு மாத்திடறேன். இல்லன்னா உருளைதான். அதுவும் முடியலன்னா வீட்டுல உக்காரு."

சொல்லிவிட்டுப் பல் குத்திய குச்சியை என் காலடியில் போட்டான். சீ!

காகிதம் ஏன் வரவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா இடத்துக்கும் என் வீட்டுக்காரர் கூட வந்தார். இந்த ஊர் மொழி எனக்குச் சலவை அளவுக்குத்தான் வரும்: சூடு, ஈரம், சீக்கிரம், மறுபடி. இவர் இருபது வருடமாக இங்கே வேன் ஓட்டுகிறவர், பேச்சில் வெளுத்துவாங்குவார். அதனால் ஆஸ்பத்திரியில் என் வாய் இவர்தான். நான் கையை நீட்டி, "எரிச்சலா இருக்கு, கடுக்குது, குடைச்சல் தாங்கல" என்பேன். இவர் டாக்டரைப் பார்த்து நாலு வார்த்தை சொல்வார். டாக்டர் என் முகத்தைப் பார்ப்பார், மாத்திரை எழுதுவார். அதைப் போட்டால் தூக்கம் தூக்கமாக வரும். எரிச்சல் இம்மி குறையாது.

போன வருடம் ஒரு வகுப்புக்கு வேறு அனுப்பினார்கள். "வலிக்குத்தான், போய்ட்டு வா" என்றார் இவர். எட்டு வாரம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். ஒரு தடியன் எதையோ சொல்லிக் கத்தினான். ஒருத்தி கத்திவிட்டு அழுதாள். மூச்சை இழுத்து விடச்சொன்னார்கள், விட்டேன். ஒரு நாள் ஆளுக்கொரு தலையணையைக் கொடுத்துக் குத்தச்சொன்னார்கள். வைத்தியமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் கையால்தான் குத்தினேன். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. நடத்துகிறவள் எழுந்து வந்து என் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

புதன்கிழமை வலி மருத்துவப் பிரிவில் தேதி கிடைத்திருந்தது. நான் துடித்ததைப் பார்த்த சலவைக்கூடத்து நர்ஸ் எழுதிப்போட்டு, ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. இதை விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கதி இல்லை. காத்திருக்கும் இடத்தில் நாற்காலியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. சுவரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஓர் ஆளின் படம். இடுப்பு வலிக்கிறவன் எதற்கய்யா சிரிக்கிறான்? பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"நான் இங்க தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவங்க மட்டும் உள்ள வந்தா போதும். குடும்பத்துக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாதுன்னு இப்ப விதி."

"நாலு வருஷமா நான்தானே சொல்றேன்?" என்றார் இவர். "நான் சொல்லாததையா நீங்க சொல்லிடப்போறீங்க?"

"வெளிய உக்காருங்க சார்."

உள்ளே ஒடிசலான டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டரில் என் பழைய குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் கையை நீட்டி என் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்.

"எரிச்சலா இருக்குங்க..."

அம்மாள் டாக்டர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தே கேட்டார். "எரிச்சல்னா எதும்மா? தோல்ல நெருப்பு பட்ட மாதிரியா, இல்ல மனசுல கோவமா?"

"என்னம்மா கேள்வி இது? கையைத்தானே நீட்டிக்கிட்டிருக்கேன்?"

"தெரியுது. இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்க. நானா ஊகிச்சுச் சொல்லக் கூடாது."

"தோல்லதான். தணலை அள்ளி வச்ச மாதிரி."

அதை அப்படியே அவர் டாக்டரிடம் சொல்லியிருப்பார் போல. டாக்டரின் கண் கம்ப்யூட்டரிலிருந்து சட்டென்று என் கைக்கு வந்தது. அதற்கப்புறம் அவர் என் முகத்தை வெகுநேரம் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்து நிறம் பார்த்தார், சூடு அளந்தார், நகங்களைப் பார்த்தார். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து என் இடது புறங்கையில் தடவினார். பஞ்சாக இருந்தது. வலது புறங்கையில் தடவினார். நான் போட்ட கூச்சலில் வெளியே யாரோ எதையோ கீழே போட்டுவிட்டார்கள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார், அம்மாள் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் கொடுத்தார். "காயம் என்னைக்கோ ஆறிடுச்சு. ஆனா நரம்பு இன்னும் ஆபத்து ஆபத்துன்னு கூவிக்கிட்டே இருக்கு. மூளையும் அதை நம்பி, தொட்டதெல்லாம் நெருப்புங்குது. அடிபட்ட சில பேருக்கு இப்படி ஆகும். நடிப்பு இல்ல, மனப்பிரமை இல்ல. உங்க வலி நிஜம்ங்கறார்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு வருடத்தில் இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை படி ஏறியிருக்கிறேன்!

டாக்டர் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்து என்னவோ கேட்டார். அம்மாள் கொஞ்சம் தயங்கினார்.

"இத்தனை வருஷமா நீங்க ஏன் எந்த டாக்டர்கிட்டயும் கை வலிக்குதுன்னு சொல்லவே இல்லன்னு கேக்கறார்."

"யாரு, நானா?" எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "வாய் கிழியச் சொன்னேனே! அதுல என்னதான் எழுதியிருக்கு?"

அம்மாள் டாக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் குறிப்பு, மாவுக்கட்டு பிரித்து மூன்றாவது வாரத்தில் எழுதியது: 'கை குணமாகிவிட்டது. நோயாளி எப்போதும் எரிச்சலாக இருக்கிறார், கடுகடுக்கிறார். எல்லோரும் தனக்குக் குடைச்சல் கொடுப்பதாகச் சொல்கிறார். கணவர் ஆமோதிக்கிறார்.' அடுத்த ஆஸ்பத்திரியிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. மாத்திரை, மனதை அமைதிப்படுத்த. அந்த எட்டு வாரம், கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு.

தலையணை ஞாபகம் வந்தது. நான் கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துத்தான் அவள் தட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"முதல்லயே இங்க வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"முதல் வருஷத்துல வந்திருந்தா நல்லா குணமாக நிறைய வாய்ப்பு இருந்திருக்கும்ங்கறார். இப்பவும் குறைக்கலாம். முழுசா போயிடும்னு வாக்குக் குடுக்க முடியாதுங்கறார்."

டாக்டர் நரம்புக்கென்று வேறு மாத்திரை எழுதினார். பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தார். சூப்பர்வைசர் கேட்ட கடிதத்தை அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நாலு வருடமாக ஏங்கிய காகிதம் கையில் இருக்கிறது, மனசில் ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை.

இவர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாங்க?"

"அவங்க இருக்கட்டும். நீங்க என்ன சொன்னீங்க, நாலு வருஷமா?"

படித்ததைச் சொன்னேன். இவர் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நீ எரிச்சலா இருக்குன்னுதானே சொன்னே? எரிச்சல்னா எரிச்சல்தானே?"

"கையை நீட்டித்தானே சொன்னேன்?"

"நீ எப்பவும் கையை ஆட்டி ஆட்டித்தானே பேசுவே!"

தாழ்வாரம் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டேன், இடது கையால். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"சரி, முதல் தடவை புரியல. ரெண்டாவது தடவை? மூணாவது தடவை? சட்டை போடும்போது நான் துடிச்சதை நீங்க பாக்கலையா?"

இவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "தோல் எரியறதுக்கு இவங்க மொழியில என்ன சொல்லணும்னு எனக்கு அன்னைக்கு வரல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தெரிஞ்சதைச் சொன்னேன். அடுத்த தடவை போனா, அதுதான் எழுதியிருந்துச்சு. மாத்திச் சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? அதுவும் இல்லாம, நீ வீட்டுல சிடுசிடுன்னுதானே இருந்தே. அப்ப அதுவும் பொய்யில்லன்னு..."

"வாயை மூடுங்க."

இந்த மனிதரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேனே என்று அருவருப்பாக இருந்தது. வெட்கமாம் வெட்கம்! இவருடைய வெட்கத்துக்கு என் கை.

வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதை முகர்ந்து பார்க்காத குறை. "நிஜமாவே வலிதானா?" என்றான். "இல்ல, வேண்டுதல்" என்றேன். கறை பார்க்கிற மேஜையில் ஒரு முக்காலி கிடைத்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்து எழுந்த அசிங்கத்தையெல்லாம் வெளிச்சத்தில் பார்த்து இடது கையால் ஒதுக்குவதுதான் வேலை. உருளையை விட ஆயிரம் மடங்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சியை ஆரம்பித்தோம். பட்டுத்துணி, பருத்தித்துணி, கம்பளி, கரடுமுரடான துவாலை. ஒவ்வொன்றாலும் வலது கையை இரண்டு நிமிடம் மெல்லத் தேய்க்கவேண்டும், துணி வெறும் துணிதான் என்று நரம்புக்குப் புரியும் வரைக்கும், மாதக்கணக்கில். தேய்க்க இவரை விடவில்லை. என் இடது கை போதும். கடிகாரம் பார்க்கவும் தாளில் எழுதவும்தான் ஓர் ஆள் வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. தாளில் மூன்று கட்டம்: என்ன துணி, எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை.

பட்டில் ஆரம்பித்தேன். இவர் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் ஆனதும் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"எரிச்சலா இருக்கு."

எழுதப்போனவர் நிறுத்தினார். பேனா முனை தாளைத் தொட்டபடி நின்றது.

"கையா... எம்மேலயா?"

"ரெண்டும்தான். தனித்தனியா எழுதுங்க."

இவர் ஸ்கேலை எடுத்துக் கீழே இன்னொரு கோடு போட்டார்.

"பத்துக்கு எத்தனை?"

"கை ஏழு."

"அடுத்தது?"

"பத்துக்கு மேல போட எடம் இருக்கான்னு பாருங்க" என்றேன்.