பொட்டு வைத்த சென்சார்

ஆயுத பூஜை என்றால் அங்காளம்மாளுக்குக் கை சும்மா நிற்காது. அவள் வேலை பார்க்கும் முடிச்சூர் குடோனில் தராசு, தள்ளுவண்டி, மின்விசிறி என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தவள், வாசலின் பெரிய இரும்பு ஷட்டருக்குப் பக்கத்திலிருந்த சென்சார் கண்ணிலும் தாராளமாக அப்பிவிட்டாள். கண் மறைந்தால் அந்த ஷட்டர் இறங்காது. சாயங்காலம் பூட்டப் போனால் மேலேயே நின்றது. சூப்பர்வைசர் வெற்றிவேலுக்கு வீட்டுப் பூஜைக்கு நேரமாகிவிட்டதாம். கண்ணுக்குப் போகும் வயரைப் பிடுங்கி, முனைகளை முறுக்கிச் சேர்த்து, கண்ணின் காவல் இல்லாமலே ஷட்டரை இறக்கினார்.

"அப்புறம் மாட்டிக்கலாம்மா," என்றார்.

மறுநாள் யார் மாட்டினார்கள்? பிடுங்கிய வயர் அப்படியே கிடப்பதை அங்காளம்மாள் பார்த்தாள். சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். பொட்டு வைத்தது நீதானே என்று திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

லோடு லாரி வெளியே போனதும் வெற்றிவேல் தன் அறையிலிருந்தே ஷட்டரை இறக்க ரிமோட்டை அழுத்தினார். தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம் அந்த மகராசன், பார்க்கவில்லை. வெளியே விழுந்திருந்த பார்சலை எடுக்க ஜாஸ்மின் ஓடினாள். புதுசாகச் சேர்ந்த பெண். கையை நீட்டினால் ஷட்டர் நின்று மேலே ஏறுவதை முதல் நாளே அவளுக்குச் செய்து காட்டியது அங்காளம்மாள்தான்.

"போவாத ஜாஸ்மின். அது நிக்காது."

மோட்டார் சத்தத்தில் அது எடுபடவில்லை. பார்சலோடு குனிந்து திரும்பியவளின் துப்பட்டா வாசல் கொக்கியில் மாட்டியது. ஷட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து, சாவகாசமாக அதை விடுவிக்கத் தொடங்கினாள்.

அங்காளம்மாள் உள்பக்கம் ஓடினாள். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் சுவரில்தான் இருந்தது. அதன்மேல் நேற்று அவளே கட்டிய வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை. பிய்த்தாள், நூல் அறுபடவில்லை. முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, கன்றோடு சேர்த்துப் பொத்தானைக் குத்தினாள்.

சத்தம் நின்றது. அதற்கு முன்பே ஜாஸ்மின் அலறிவிட்டாள். உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டவளுக்கு இடது கால் மட்டும் அடியில் சிக்கியிருந்தது.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அங்காளம்மாள் மடியில் அவள் தலை கிடந்தது. துணி சுற்றிய காலைப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

"அக்கா, என் கால் இன்னும் கீதா?"

"கீதுடி. கீது."

ஜாஸ்மின் மறுபடியும் கேட்டாள்: "தானா நின்னுடும்னு நீதானக்கா காட்டின. இன்னிக்கி அதுக்கு இன்னா ஆச்சு?"

அங்காளம்மாள் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். விரல் நக இடுக்கில் நேற்றைய சந்தனம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.