விசாவுக்கு வைத்த மருதாணி

என் பெயர் பாவாடை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் சிரிக்க இதில் ஒன்றும் கிடையாது. பாவாடைராயன் எங்கள் சாமி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மரக்காணத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன், உப்பு மூட்டை ஏற்றுகிறேன். என் முகத்துக்கு நேராக ஒருத்தனும் சிரித்ததில்லை. புதுச்சேரியில் ஒருத்தன் மட்டும் சிரித்தான்.

அவன் ஏசி ரூமில் டை கட்டி உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவைக்கிற ஆபீஸ் அது. என் அக்கா மகள் கலைமதியை அழைத்துப் போயிருந்தேன். திண்டிவனம் அரசு கல்லூரியில் வேதியியல் படித்தவள், வகுப்பில் முதல் மார்க். மேல்படிப்பை வெளிநாட்டில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் பெயரைக் கேட்டுச் சிரித்த அந்த ஆள் அவளுடைய மார்க்கைக் கேட்கவே இல்லை.

“அப்பா என்ன பண்றார்?” என்றான்.

“இறந்துட்டாருங்க. அம்மா உப்பளத்துல கூலி வேலை,” என்றாள் கலைமதி.

“வீடு, நிலம் ஏதாவது இருக்குதா? லோனுக்கு வெக்கிற மாதிரி?”

“ஏம்பா, படிக்கப் போற பொண்ணுகிட்ட மார்க்கக் கேக்க மாட்டியா?” என்றேன் நான்.

“மார்க்க அப்புறம் பாத்துக்கலாம் சார். வெக்கிறதுக்கு என்ன இருக்குது, அதச் சொல்லுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கலைமதி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் அந்த டை அன்றைக்கு என் கையோடு வந்திருக்கும். வாசலுக்கு வந்ததும் அவள் சொன்னாள், “விடுங்க மாமா. இவனுங்க இல்லாமயே நான் போவேன்.”

அதற்கப்புறம் அவள் ஒரு உடைந்த போனை வைத்துக்கொண்டு தேடியது இருக்கிறதே, அப்பப்பா! காசில்லாதவன் எந்த நாட்டில் படிக்கலாம் என்பது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஜெர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக்குப் பீஸே கிடையாது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடையாது என்று ஒருநாள் வந்து சொன்னாள்.

“சும்மா எவன்டி பாடம் சொல்லித் தருவான்? கிட்னிய எடுத்துக்கப் போறானுங்க,” என்றேன்.

“அய்யோ மாமா, நம்ம ஊரு கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரிதான் அது. அவங்க காலேஜுக்கும் சேத்து அப்பிடி வெச்சிருக்காங்க,” என்று சிரித்தாள்.

பீஸ் இல்லாவிட்டாலும், தங்கவும் சாப்பிடவும் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டு என் அக்கா அருக்காணி, “வேணாம்டி, விட்டுடு,” என்றாள். கலைமதி விடவில்லை. இல்லாதப்பட்ட மாணவர்களுக்குத் தங்கும் செலவும் விமான டிக்கெட்டும் கொடுக்கிற ஓர் அறக்கட்டளையை அந்த நாட்டிலேயே கண்டுபிடித்து எழுதினாள். ஆங்கிலப் பரீட்சைக்குக் கட்ட வழியில்லை, அதனால் ஆங்கிலத்தில்தான் படித்தேன் என்று கல்லூரியில் எழுதி வாங்கி அனுப்பினாள். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். சீட்டும் வந்தது, உதவித்தொகையும் வந்தது. அக்கா உப்பள வரப்பில் தலைக்கூடையோடு நின்று ஓவென்று அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, உப்புக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரே ஒரு கண்டிஷன். அக்டோபர் முதல் வாரத்துக்குள் அங்கே நேரில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். போகாவிட்டால் உதவித்தொகை வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். அதற்குள் விசா வந்தாக வேண்டும். விசாவுக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ராத்திரி பகலாகப் போனைப் பார்த்துப் பார்த்து, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தேதியைப் பிடித்தாள். அன்றைக்குச் சென்னைக்குப் போய்ப் பேப்பர்களைக் கொடுத்து, பத்து விரல் ரேகையையும் மெஷினில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அதுவரைக்கும் அவள் உப்பளத்தில்தான் இருந்தாள். எங்கள் பக்கம் பெண்களுக்கு ஜோடி வேலை. ஒருத்தி உப்பை அள்ளிக் கூடையைத் தூக்கிவிட வேண்டும், இன்னொருத்தி சுமந்து போய் மேட்டில் கொட்ட வேண்டும். ஜோடி இல்லாதவளை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவோடு சேர்ந்து வேலை செய்தவள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டாள், அதனால் மகள்தான் ஜோடி. ஈர உப்பை அள்ளி அள்ளிக் கலைமதியின் விரல் நுனியெல்லாம் அரித்து, வெடித்து, ரேகை என்ற ஒன்றே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது.

இது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள தொல்லைதான். ரேஷன் கடை மெஷின் உப்பளத்துக்காரி விரலை எடுக்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள், அது கீச்சுக் கீச்சென்று கத்தும், பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். அதற்கு அவர்களாகவே கண்டுபிடித்த வைத்தியம் மருதாணி. அரிசி வாங்கப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், மருதாணியை அரைத்து விரல் நுனியில் தொப்பி மாதிரி வைத்துக்கொள்வார்கள். வெடிப்பு மூடிக்கொள்ளும், ரேகை எழும்பும், மெஷின் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும். குணமாக்கியது மருதாணியா அந்த இரண்டு நாள் ஓய்வா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பலித்தது, அதனால் செய்தார்கள்.

“ரேஷன் கடை மெஷினே எடுக்கல. வெள்ளக்காரன் மெஷின் எடுக்குமாடா?” என்றாள் அக்கா என்னிடம். வேலையை நிறுத்தி மகளை வீட்டில் உட்காரவைத்தாள். நல்ல இலையாகப் பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்து, பத்து விரலுக்கும் அவளே வைத்துவிட்டாள். தோசையைப் பிய்த்து ஊட்டியும் விட்டாள். சென்னைக்குக் கிளம்பும் காலையில் கலைமதி கையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“ரேகை தெரியுது மாமா, பாருங்க!”

பார்த்தேன். செக்கச்செவேலென்று சிவந்த விரலில் வரி வரியாகத் தெரிந்தது. அக்கா மகளுக்குத் திருஷ்டி கழித்துத்தான் பஸ் ஏற்றினாள்.

விசா ஆபீஸில் கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றேன். வெகுநேரம் கழித்துக் கலைமதி வந்தாள், கூடவே நிவேதா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண்ணும் வாசல் வரை வந்தாள். கலைமதியின் முகத்தைப் பார்த்ததுமே வாசலுக்கு ஓடினேன்.

“நீங்கதான் கூட வந்தீங்களா சார்? விரல்ல மெஹந்தி இருக்கக் கூடாதுன்னு மெயில்லயே போட்டிருக்குதே,” என்றாள் அந்தப் பெண்.

“படிச்சேன் மாமா,” என்றாள் கலைமதி. “கல்யாணத்துக்குப் போடுற டிசைனைச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இது நமக்கு மருந்துதானே.”

“ஏம்மா, ரேகை பளிச்சுனு இருக்குது, கண்ணத் தொறந்து பாரும்மா!” என்று கத்தினேன். செக்யூரிட்டி எழுந்து நின்றான்.

“எனக்குத் தெரியுது சார். மெஷின்ல வெறும் கறுப்பா விழுது. நாலு தடவ வெச்சுப் பாத்துட்டேன்.”

அவள் திமிராகப் பேசியிருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். தன்மையாகப் பேசினாள், அதனால் என் கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் போயிற்று. அடுத்த தேதி நவம்பரில்தான் என்றாள். கலைமதி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“நாளான்னைக்கு சாயங்காலம் ஒருத்தர் கேன்சல் பண்ணிருக்காங்க. அதுல உன் பேரப் போடுறேன். அதுக்குள்ள கலர் போனா ஓடி வந்துடும்மா.”

போகுமா? கொட்டைப்பாக்கு போட்டு அரைத்த மருதாணி, அதுவும் என் அக்கா அரைத்தது! வழியிலேயே எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், சோடா உப்பு எல்லாம் வாங்கினோம். வீட்டில் போட்டுத் தேய்த்ததில் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சானதுதான் மிச்சம். விஷயத்தைக் கேட்ட அக்கா தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எங்கையாலயே எம்பொண்ணு பொழப்ப அழிச்சிட்டனேடா பாவாடை!”

“நீ இன்னா வேணும்னா செஞ்ச? சும்மா இரு அக்கா,” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் எனக்கு வானூருக்கு லோடு. மனசு இருப்புக் கொள்ளாமல் இறக்கிவிட்டு மத்தியானமே திரும்பி, நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். முன்பக்கம் யாரும் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தாயும் மகளும் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். நடுவே ஒரு பேசின் நிறையக் கல்லுப்பு. அக்கா மகளின் விரல்களைத் தேங்காய் நாரால் உப்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலைமதி துப்பட்டாவைச் சுருட்டி வாயில் கடித்திருந்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர்.

“அக்கா! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்குது? நிறுத்து!”

“கலரு போவுதுடா தம்பி. பாரு, போவுது,” என்றாள் அக்கா, நிறுத்தாமல்.

போகத்தான் போயிற்று. தோலோடு சேர்ந்து போயிற்று. உப்பெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது.

கலைமதி துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். “கத்தாதீங்க மாமா. நான்தான் தேய்க்கச் சொன்னேன். ரெண்டு சுண்டு விரல்தான் பாக்கி.”

பேசினை எட்டி உதைத்தேன். என்ன பிரயோசனம்? மற்ற விரல்களெல்லாம் அதற்குள் முடிந்திருந்தன.

இருந்தாலும் போனோம். போகாமல் இருக்க முடியுமா? ஓர் இரவில் ஆறிவிடும் என்று மூன்று பேரும் நம்பினோம். தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி சுற்றி, பஸ் ஜன்னலோரம் கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நடந்ததைத் திரும்பும்போது சொன்னாள். அந்த நிவேதா துணியை அவிழ்த்துப் பார்த்து, “அய்யோ, என்னம்மா பண்ணி வெச்சிருக்க!” என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். கலைமதி கெஞ்சியதால் ஒவ்வொரு விரலாக வைத்தும் பார்த்தாளாம். கண்ணாடியில் ஈரம்தான் ஒட்டியது, ரேகை விழவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணே டிஷ்யூவால் துடைத்தாளாம்.

“தோல் வளந்து வரட்டும்னு சொல்றாங்க மாமா. அப்புறம் தேதி நவம்பர்லதானாம். அதுக்குள்ள அங்க கிளாஸ் ஆரம்பிச்சுடும்.”

நடந்ததைச் சொல்லி, அக்டோபருக்குள் வர முடியாது, கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று அறக்கட்டளைக்கு எழுதினாள். விரல் நுனியால் போனைத் தொட முடியவில்லை, மடக்கிய விரலின் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. எனக்குப் படித்துச் சொன்னாள்.

“ரொம்ப மரியாதையா எழுதிருக்காங்க மாமா. வருத்தமா இருக்குதாம். இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களாம். அடுத்த வருஷம் புதுசா எழுதலாமாம், கெடைக்கும்னு சொல்ல முடியாதாம்.”

எவனைத் திட்டுவது? அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த டை கட்டினவனைத் திட்டலாம், அவனோ இதில் இல்லவே இல்லை. வெறும் வாயை மென்றுகொண்டு வண்டியை எடுத்தேன்.

அக்கா ஒரு முடிவு எடுத்தாள். “இனிமே நீ உப்புல கை வெக்கக் கூடாது. தோலு நல்லா வளரட்டும். அடுத்த வருஷம் நீ போற, அவ்ளோதான்,” என்று மகளிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் தனியாக வேலைக்குப் போனாள். மேஸ்திரி அர்ச்சுனன் நல்ல மனுஷன்தான், ஆனாலும், “ஜோடி இல்லாம நீ இன்னாக்கா பண்ணுவ?” என்று திருப்பி அனுப்பினார். மறுநாளும் போனாள், நின்றாள், திரும்பினாள். தினமும் அதே கதை. நான் என் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தடவை வாங்கிக்கொண்டாள். அடுத்த தடவை, “உனக்கும் புள்ளைங்க இருக்குதுடா,” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் உப்பு மேட்டருகே வண்டியை நிறுத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல வரப்பில் காத்து நின்றாள். கலைமதி விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டே வந்தாள்.

“வராதடி. வீட்டுக்குப் போ,” என்றாள் அக்கா.

“மழ வந்துட்டா ரெண்டு பேருக்கும் வேல இல்லம்மா. அதுவரைக்குமாவது செய்யணும்ல.”

“உப்புத்தண்ணி ஒழுகுற கூடையப் புடிச்சாலே கை போயிடும்டி. அடுத்த வருஷமும் போயிடும்.”

“அடுத்த வருஷம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நேத்தே அரிசி இல்ல. தூக்கி விடும்மா.”

அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. ஊரையே சண்டைக்கு இழுக்கிற நான் குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினேன். அர்ச்சுனன் தூரத்திலிருந்து, “வேலை உண்டா இல்லையாக்கா?” என்று குரல் கொடுத்தார்.

அக்கா குனிந்து ஈர உப்பைக் கூடையில் அள்ளினாள். பாதிக் கூடைதான் அள்ளினாள்.

“ரொப்பும்மா,” என்றாள் கலைமதி.

அக்கா ரொப்பினாள். இரண்டு கையாலும் தூக்கி, மகள் தலையில் வைத்தாள்.