ஒக்புன்னிடம் கேட்ட கேள்விகள்

குன்சான் நகரத்து ஆஸ்பத்திரியில் அன்று கேள்வி கேட்க உட்கார்ந்தவள் மிரான் என்ற நர்ஸ். எதிரே ஒக்புன். சிறுமூளை சுருங்கிக்கொண்டே போகும் நோய் அவளுக்கு. நடை தள்ளாடும், பேச்சு இழுக்கும். பக்கத்தில் அவள் கணவன் தொக்சூ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாத மனுஷன்.

இந்த நோயோடு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள்.

"யாராவது பாப்பாங்கன்னு வெளிய போகாம இருந்தீங்களா அம்மா?"

"அதெல்லாம் கிடையாது," என்றான் தொக்சூ. "வீட்டுல ராணி மாதிரி இருக்கா. சோறு, சூப்பு எல்லாம் நான்தான்."

"அப்பா, நான் அம்மாவைக் கேட்டேன்," என்றாள் மிரான்.

"அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவேம்மா."

மிரான் சிரிக்கவில்லை. ஒக்புன்னின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணிக் கோணி, கடைசியில் வார்த்தை வந்தது.

"வெக்கம்... எனக்கில்ல. இவருக்கு."

தொக்சூ வாயைத் திறந்தான். மிரான் கையமர்த்தினாள்.

"மல்சுன் வருவா... குளிக்கக் கூப்பிட. அவ தூங்கறான்னு சொல்லி... வாசல்லயே அனுப்பிடுவாரு. உள்ள எனக்கு... எல்லாம் கேக்கும்."

மல்சுன் அவளுடைய தோழி. முன்பெல்லாம் வாரம் தவறாமல் இருவரும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டு, வெந்நீரில் ஊறி, ஊர்க்கதையெல்லாம் பேசித் திரும்புவார்கள். ஈரத் தரையில் விழுந்துவிடுவாள் என்று பயந்துதான் தடுத்ததாகத் தொக்சூ தனக்கே சொல்லி வைத்திருந்தான். அது பாதிதான் உண்மை. தெருவில் ஆடி ஆடி நடந்தவளைப் பார்த்து, 'பட்டப்பகல்லயே குடியா' என்று யாரோ சிரித்தது மீதி.

வெளியே வந்ததும், "ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான்.

"நீங்க... எப்பக் கேட்டீங்க?"

மறுநாளே மல்சுன்னுக்குப் போன் போட்டான். அவள் மகளோடு இன்சோனுக்குக் குடிபோய் மாசக்கணக்காகிவிட்டதாம்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டேன் அண்ணே," என்றாள்.

குளியல் கூடத்துக்குத் தானே அழைத்துப் போனான். பெண்கள் பக்கத்துக் கதவு வரைதான் அவனால் போக முடிந்தது. உள்ளே அவளைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கைகோத்தபடி திரும்பி நடந்தார்கள். யார் பார்க்கிறார்கள் என்று அன்று அவன் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒக்புன்னுக்குப் பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது.

"இனிமே நீங்கதாம்ப்பா அவங்களுக்காகச் சொல்லணும்," என்றாள் மிரான். "போன மாசம் அம்மா சந்தோஷமா இருந்தாங்களா?"

தொக்சூ மனைவியின் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றான்.